நோவு என்னும் காவலன்

ஓர் எழுத்தைக் கண்டவுடன் ஒரு நிறமும், ஓர் இசையைக் கேட்டவுடன் ஒரு வடிவமும் சிலருக்குத் தோன்றும். இதனைப் புலன் கலப்பு என்பர். பிறர் கன்னம் தொடப்படுவதைக் கண்டதும் அத்தொடுகையைத் தம் கன்னத்திலேயே உணர்வோரும் உளர். இவ்வுணர்வை இலண்டன் ஆய்வாளர் 2005-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

மாணவர்களே, இவ்வாற்றல் பிறவியில் வாய்ப்பது மிகச் சிலருக்கே. எனினும், பிறர் உடல்நிலையை உற்று நோக்கியும் உணரலாம் என்பதற்கு வேலூரின் வரலாறு சான்று.

நம் பாலாற்றங்கரை ஊர்களில் தோலின் தரத்தை விரலால் தடவியே அறிவர். அவ்விரலில் உணர்வே அற்றுப்போனால் என்னாகும்? தொழுநோய் நரம்புகளைத் தாக்கி அதனையே செய்கிறது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோய் முற்றினால் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ நோயாளரின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தார். கனலில் வீழ்ந்த பண்டத்தை ஒருவர் வெறுங்கையால் எடுத்தார், சூடு தெரியவில்லை. உறங்குவோர் விரலை இரவில் எலி கடித்தது, விழிப்பு வரவில்லை. விரல்களை அழித்தது பெரும்பாலும் அழுகல் அன்று, நோவின்மையே என அவர் தெளிந்தார். நோயாளர் தம் கைகளை நாள்தோறும் கண்ணால் சோதிக்கப் பழகினர். எலிக்குக் காவலாகப் பூனைகளும் வந்தன. மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையும் அங்கே வளர்ந்தது.

அப்பணியில் சேர்ந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வண்டி விபத்தில் முதுகுத்தண்டு ஊறுபட்டு, இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே, உணர்விழந்த கைகளுக்கு அறுவை செய்தார். அந்நோயாளரின் நிலையை அவரினும் நன்கறிந்தவர் யார்? 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

நோவுற்றவன் கதறினால் நாம் இரங்குகிறோம். நோவையே அறியாதவன் கதறுவதில்லை. அவன் துன்பத்தை உணர இரக்கத்தோடு கூரிய நோக்கும் வேண்டும். தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும் நோய். உணர்வற்ற தேமலை எவர் உடலிலேனும் கண்டால், அவரை ஒதுக்காதீர். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.