ஒரே திராட்சை, நாலு வகை ஒயின்: செனின் பிளாங்க் நடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டி பக்கம் விதையில்லாத் திராட்சை. ஒயின் திராட்சை போட்டால் என்ன என்ற யோசனை ராசிங்காபுரம், தேவாரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உங்களுக்கும் வந்திருக்கலாம். அப்படி விசாரிக்கும்போது காதில் விழும் வெள்ளை ரகங்களில் ஒன்று செனின் பிளாங்க்.

இதன் தாயகம் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு. இன்று அதிகப் பரப்பில் இருப்பது தென் ஆப்பிரிக்காவில். நம் நாட்டில் நாசிக்கிலும், கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கமும் சாகுபடி ஆகிறது. வெயில் நாட்டிலும் பழத்தின் புளிப்பு சட்டென்று இறங்காது என்பதே இதன் பலம். புளிப்பு நிற்பதால்தான் ஒரே ரகத்தில் பல வகை ஒயின் எடுக்க முடிகிறது. எந்த வகை என்பதைப் பாதி முடிவு செய்வது உங்கள் அறுவடை நாள்.

பழச்சாற்றின் இனிப்பை பிரிக்ஸ் அளவில் சொல்வார்கள். 17 முதல் 19 பிரிக்ஸில், புளிப்பு தூக்கலாக இருக்கும்போதே பறித்தால் நுரை ஒயினுக்குப் போகும். 20 முதல் 22-ல் பறித்தால் இனிப்பில்லாத 'டிரை' ஒயின். சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். 22 பிரிக்ஸ் சாறு சுமார் 12, 13 சதவீத ஆல்கஹால் தரும். இதே பழத்தில் நொதிப்பைக் குளிரூட்டிப் பாதியில் நிறுத்தினால் லேசான இனிப்பு தங்கும். காரமான சாப்பாட்டுக்கு ஒத்துப்போவதால் இந்தியாவில் இந்த வகைக்கு நல்ல வரவேற்பு உண்டு. ஓக் பீப்பாயில் ஊற வைப்பதும் உண்டு. அது ஆலைக்காரர் வேலை, உங்கள் தோட்டத்தில் எதையும் மாற்றாது.

நாலாவது வகையில்தான் கவனம் வேண்டும். 'லேட் ஹார்வெஸ்ட்' என்னும் இனிப்பு ஒயினுக்குப் பழத்தைக் கொடியிலேயே விட்டு 26 பிரிக்ஸுக்கு மேல் ஏற்ற வேண்டும். பழம் வதங்கும், எடை குறையும். செனின் குலை நெருக்கமானது. இடையில் ஒரு மழை பெய்தால் உள்ளே அழுகல் பிடிக்கும். ஆக, இந்த வகைக்குக் கிலோ விலை கூடுதலாகப் பேசாமல் கொடியில் பழத்தை நிறுத்தாதீர்கள்.

நாசிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, வறண்ட குளிர்காலத்தில் காயை வளர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். நமக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். பூக்கும் தருணத்தில் அடிச்சாம்பல் நோய் வரும். கவாத்தைத் தள்ளிப்போட்டால் பழுக்கும் நேரம் கோடையில் போய் நிற்கும். ராத்திரியும் சூடு தணியாவிட்டால் செனினிலும் புளிப்பு இறங்கிவிடும். நம் பக்கத்துக்கு நுரை ஒயினும் டிரை ஒயினுமே தோதானவை என்பது என் கணிப்பு.

பறிக்கும் நாளை நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காலையில், வரிசையின் இரண்டு பக்கமும், குலையின் மேல், நடு, அடி என்று நூறு பழமாவது எடுத்துப் பிழிந்து, சாற்றைக் கலக்கிப் பிரிக்ஸ் மீட்டரில் பாருங்கள். வெயில் பட்ட பழத்தை மட்டும் சோதித்தால் அளவு கூடத் தெரியும். லாரி ஆலைக்குப் போன பிறகு விலையைக் குறைப்பார்கள்.

கடைசியில் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது விற்பனை. பன்னீர் விலை விழுந்தாலும் உள்ளூர் வியாபாரி எடுத்துக்கொள்வார். செனின் சின்னப் பழம், உள்ளே விதை. ஆலை வாங்காவிட்டால் சந்தையில் கேட்க ஆள் இருக்காது. நந்தி மலைப் பக்கம் போவதானாலும் ஒரு ராத்திரி லாரி ஓட்டம். நாமே ஒயின் போடலாம் என்றால் உரிமம் இல்லாமல் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

எனவே காய்க்கும் பன்னீர் பந்தலைப் பிடுங்காதீர்கள். எந்த வகை ஒயினுக்கு, எத்தனை பிரிக்ஸ், ஏக்கருக்கு எத்தனை டன் வரை, அளவு குறைந்தால் என்ன விலை, வண்டி வாடகை யாருடையது என்பதை ஆலையிடம் எழுத்தில் வாங்கிய பிறகே கன்றுக்கு முன்பணம் கொடுங்கள். மண், வேர்ச்செடி பற்றிய சந்தேகங்களை ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.