மறைபொருட் குறுக்கெழுத்துப் புதிர்: விடுவித்தலும் விளக்குதலும்
ஒரு சமூக வரலாற்று நோக்கு

குறுக்கெழுத்துப் புதிரை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். பத்திரிகையின் மூலையொன்றிலே இடம்பெறும் பொழுதுபோக்கு என்றே அது பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், ஒரு சமூகத்தின் ஓய்வு ஒழுங்கமைக்கப்படும் முறையை அச்சமூகத்தின் உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்டுள்ள முறையிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. அன்றியும், சொல்லின் வெளிப்படைப் பொருளை ஒதுக்கி உட்பொருளைத் தேடுமாறு வாசகனைத் தூண்டும் எவ்வகை எழுத்தும் இலக்கிய மாணவனின் கவனத்துக்குரியதே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இங்கிலாந்தில் உருப்பெற்ற மறைபொருட் குறுக்கெழுத்து எவ்வாறு கடினமானதாயிற்று, அக்கடினம் யாருக்குத் திறந்தும் யாருக்கு மூடியும் இருந்தது, விடையை விளக்கும் பழக்கம் அதிலே எத்தகைய மாற்றத்தை ஏற்படுத்தியது ஆகிய வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறுக்கெழுத்தின் பிறப்பிடம் இங்கிலாந்தன்று. லிவர்பூலிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆதர் வின் என்னும் பத்திரிகையாளர் 1913 டிசெம்பர் 21இல் ‘நியூயோர்க் வேள்ட்’ பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வெளியிட்ட, சாய்சதுர வடிவிலமைந்த சொற்புதிரே முதலாவதாகக் கொள்ளப்படுகின்றது. 1924இல் சைமன் அன் சூஸ்ரர் என்னும் பதிப்பகம் தனது முதல் வெளியீடாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பொன்றைப் பென்சிலொன்றையும் இணைத்து விற்பனைக்கு விட்டுப் பெருவெற்றி கண்டது. அவ்வாண்டின் இறுதியிலே இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை, அமெரிக்கா அடிமைப்பட்டுவிட்டதெனத் தலைப்பிட்டு இம்மோகத்தை எள்ளியது. ஆனால் ‘டெயிலி ரெலிகிராவ்’ 1925 யூலை 30இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1930 பெப்ரவரி 1இல் ‘ரைம்ஸ்’ பத்திரிகையும் தனது முதற் புதிரை வெளியிட நேர்ந்தது. பண்பாட்டுக் காவலரின் கண்டனத்தைப் பத்திரிகை வாணிபத்தின் கணக்கு வென்றது எனலாம்.

அமெரிக்கப் புதிர் பெரும்பாலும் சொல்லுக்குப் பொருள் கூறி, பொருளுக்குரிய சொல்லைக் கேட்டது. ஆங்கிலேயர் கையிலோ குறிப்பே ஒரு புதிராயிற்று. இம்மாற்றத்தின் இயல்பை உணர்வதற்குக் குறிப்பொன்றின் அமைப்பை நோக்குதல் அவசியமாகும். மறைபொருட் குறிப்பு இரு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி விடையின் வரைவிலக்கணம். அது குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்கும். மற்றப் பகுதி விடைச்சொல் எவ்வெழுத்துக்களால் அல்லது எச்சொற்களால் ஆக்கப்பட்டதென்பதைக் கூறும். இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பது காட்டப்படுவதில்லை. இரண்டும் இயைந்து வேறொரு காட்சியைத் தோற்றுவித்து வாசகனைத் திசைதிருப்பும்.

விளக்கத்தின் பொருட்டுத் தமிழிலே ஒரு குறிப்பை அமைத்துக்கொள்வோம்: ‘கொடு என்றதும் மான் வந்தது, குளத்திற் பூப்பது’ — மூன்றெழுத்து. மேலோட்டமாக வாசிப்பவன் இரப்பவன் ஒருவனையும், ஓடிவரும் மானையும், குளக்கரையையும் மனக்கண்ணிற் காண்பான். விடுவிப்பவனோ அக்காட்சியைக் கலைத்தல் வேண்டும். கொடு என்பதற்குத் ‘தா’. அதனையடுத்து வரும் மான் ‘மரை’. இரண்டும் சேரத் தாமரை. குளத்திற் பூப்பது என்பதே வரைவிலக்கணம். விடையை இரு வழிகளால் அடைதல் கூடும் என்பதும், ஒரு வழியாற் பெற்றதை மறுவழியாற் சரிபார்க்கலாம் என்பதும் கவனிக்கற்பாலன.

ஆங்கிலத்திலே எழுத்துக்களை இடம்மாற்றும் உத்தி பெருவழக்காகும். ‘செவிகொடு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஆறெழுத்துக்களையும் மாற்றியடுக்கினால் ‘மௌனமான’ எனப் பொருள்படும் சொல் பிறக்கும். குறிப்பிலே ‘குழம்பிய’, ‘சிதறிய’ போன்ற சொல்லொன்று வரின், அயலிலுள்ள எழுத்துக்களைக் கலைக்குமாறு இடப்பட்ட கட்டளையாக அதனைக் கொள்ளல் வேண்டும். மலரைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்னும் சொல்லை ‘பாய்வது’ எனப் பிரித்துணர்ந்து நதியொன்றின் பெயரைத் தேட வேண்டியும் வரலாம். கட்டங்களிலே ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் சொற்கள் எழுத்துக்களைத் தந்துதவுவதால், குறிப்பு விளங்காமலே விடையை ஊகித்து நிரப்புதலும் சாத்தியமாகின்றது. ஆகவே விடுவித்தல் வேறு, விளக்குதல் வேறு. விடை இதுவெனக் கண்டபின்னரும், ஏன் இதுவே விடை என்பது அறியப்படாதிருக்கலாம். இவ்வேறுபாடே எமது ஆய்வுக்கு அடிப்படையானது.

இவ்வுத்திகள் தமிழ் மாணவருக்கு முற்றிலும் புதியனவல்ல. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளிலே, ஒரு சொற்றொடரைப் பிரித்துப் பல வினாக்களுக்கு விடையாக்கும் வினாவுத்தரம், எழுத்தைக் கூட்டிச்செல்லும் எழுத்துவருத்தனம், எழுத்தைக் குறைத்துச்செல்லும் அக்கரச்சுதகம், ஒரு செய்யுளினுள் இன்னொன்றை மறைக்கும் கரந்துறைச்செய்யுள் ஆகியன இடம்பெறுகின்றன. இரண்டுக்குமிடையே வரலாற்றுத் தொடர்பு எதுவுமில்லை. ஒப்புமை உணர்த்துவது வேறொன்றாகும். உத்தி ஒன்றாயிருப்பினும் அது இயங்கும் சமூக உறவு வேறுபடும். சித்திரகவி, இலக்கணப் பயிற்சியுடைய புலவர் அவையை நோக்கிப் பாடப்பட்டது. மறைபொருட் குறுக்கெழுத்து, முகமறியா வாசகருக்கு நாள்தோறும் அல்லது வாரந்தோறும் விற்கப்படும் பண்டத்தின் ஒரு பகுதியாக வெளிவந்தது. புலவர் அவையிலே உரைகாரன் அருகிலிருந்தான். பத்திரிகை வாசகனோ தனியனாகவே புதிரை எதிர்கொண்டான்.

அவ்வாசகன் யாவன்? இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்திலே, காரியாலய ஊழியரும் உயர்தொழில் புரிவோரும் ஆசிரியரும் அடங்கிய மத்தியதர வர்க்கம் விரிவடைந்தது. புறநகரிலிருந்து புகையிரதத்தில் நகருக்குச் சென்று மீளும் வாழ்க்கை முறை, தினந்தோறும் அளவிடப்பட்ட ஓய்வு நேரத் துண்டுகளை உருவாக்கியது. அத்துண்டுகளை நிரப்பப் புதிர் பொருத்தமான சாதனமாயிற்று. ஆனால் புதிரின் உள்ளடக்கத்தை வகுத்தவர்கள் இன்னும் குறுகிய வட்டத்தினர். ‘ரைம்ஸ்’ பத்திரிகையின் முதற் புதிரை ஆக்கிய ஏட்றியன் பெல், கமவாழ்க்கை பற்றி எழுதிய எழுத்தாளர். பின்னர் ஏறத்தாழ 5000 புதிர்களை ஆக்கியவர். ‘ஒப்சேவர்’ பத்திரிகையிலே 1926 முதல் 1939இல் இறக்கும்வரை 600க்கு மேற்பட்ட புதிர்களை ஆக்கிய எட்வேட் போவிஸ் மாதர்ஸ் ஒரு கவிஞர். ஆயிரத்தோரிரவுக் கதைகளைப் பிரெஞ்சுவழி ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர். அவர் சூடிய புனைபெயர் ‘தோர்க்கெமாதா’. ஸ்பானிய மதவிசாரணை மன்றத் தலைவனின் பெயர் அது. வாசகனைச் சித்திரவதை செய்பவனாகப் புதிராசிரியன் தன்னை விளையாட்டாகவேனும் பாவித்துக்கொண்டமை கருத்தூன்றி நோக்கத்தக்கது.

மாதர்ஸ் முற்றிலும் மறைபொருட் குறிப்புக்களாலான புதிரை நிலைபெறச் செய்தவர். அவருடைய புதிர்களிலே பரந்த இலக்கியப் பயிற்சியும் கற்பனையும் காணப்படுகின்றன. ஆனால் குறிப்புக்கும் விடைக்குமிடையே உள்ள பாலம் பல வேளைகளில் அவரது மனத்திலே மட்டும் இருந்தது. 1934இல் அவர் வெளியிட்ட ‘கெய்ன்ஸ் ஜோபோன்’ என்னும் கொலைமர்மக் கதை இதன் உச்சம். அதன் 100 பக்கங்களும் ஒழுங்குமாறி அச்சிடப்பட்டன. சரியான ஒழுங்கை வாசகன் காணவேண்டும். அக்காலத்திலே இருவர் மட்டுமே அதனை விடுவித்தனர். 2019இல் நூல் மீளப் பதிப்பிக்கப்பட்டு, 2020இல் ஜோன் பின்னமோர் என்னும் எழுத்தாளர் விடைகண்டபோதும், விடை நூலிலே வெளியிடப்படவில்லை. அறிவு இங்கே விளக்கப்படாமையினாலேயே மதிப்புப் பெறுகின்றது.

வரம்பு கடந்த குறிப்பொன்றின் கவர்ச்சியையும் மறுத்தல் நியாயமன்று. ஆங்கிலப் புதிருலகிற் பலரறிந்த குறிப்பொன்று, ‘எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ’ என்னும் எட்டெழுத்துக்களை மட்டுமே கொண்டது. ஐந்தெழுத்து விடை: நீர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். ‘எச்’ முதல் ‘ஓ’ வரை என்பதை ஆங்கிலத்திற் சொல்லும்போது நீரின் இரசாயனக் குறியீட்டின் ஒலி பிறக்கின்றது. கண்டவுடன் மகிழ்ச்சி தரும் இக்குறிப்பிலே வரைவிலக்கணம் இல்லை, இரண்டாவது வழியுமில்லை. பொறி தட்டியவன் உள்ளே நுழைவான். தட்டாதவன் வெளியே நிற்பான். முயற்சியாற் கடக்கக்கூடிய படிகள் அங்கு இல்லை.

இத்தகைய நிலைக்கு எதிர்வினையாகவே ‘நேர்மை’ என்னும் கோட்பாடு எழுந்தது. ‘அஃப்ரித்’ என்னும் புனைபெயர் பூண்ட ஏ. எப். றிற்சி, 1949இல் வெளியிட்ட நூலிலே, புதிராசிரியன் தான் சொல்வதன் மேற்பொருளைக் கருதாதிருக்கலாம். ஆனால் கருதியது சொல்லினுள் இருந்தேயாகவேண்டும் என்னும் கருத்தினை முன்வைத்தார். மாதர்ஸின் இடத்துக்கு 1939இல் வந்து 1971 வரை பணியாற்றிய டி. எஸ். மக்நட், ‘சிமெனிஸ்’ என்னும் பெயரில் 1966இல் எழுதிய நூலிலே இதற்கு விரிவான இலக்கணம் வகுத்தார். 1972இல் அவரைத் தொடர்ந்த ‘அசெட்’ என்னும் யொனதன் குரோதர் அதன் சாரத்தைச் சுருக்கிக் கூறினார். வரைவிலக்கணம் சரியாக அமைதல் வேண்டும். சொல்லமைப்பைக் காட்டும் குறிப்பு நேர்மையானதாயிருத்தல் வேண்டும். இவ்விரண்டுமன்றி வேறெதுவும் இருத்தலாகாது. பின்வந்த இருவரின் பெயர்களும் மதவிசாரணைத் தலைவர்களிடமிருந்தே பெறப்பட்டன. ஆனால் விசாரணை மன்றம் இப்போது சட்டத்துக்குட்பட்ட நீதிமன்றமாயிற்று.

இச்சீர்திருத்தம் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆசிரியனின் தன்னிச்சைக்குப் பதிலாகக் கற்கக்கூடிய விதி வந்தது. ஆயினும் சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் முதலாளித்துவக் கோட்பாட்டின் எல்லையே இதன் எல்லையுமாகும். விதி யாவருக்கும் பொதுவாயினும், விதியைக் கையாள்வதற்கு வேண்டிய செல்வம் பொதுவாயிருக்கவில்லை. மக்நட் தொன்மொழி ஆசிரியர். றிற்சி பாடசாலை அதிபர். இலத்தீன் வாக்கியத்தைப் பகுத்துப் பொருள்கூறும் பாடசாலைப் பயிற்சியும் மறைபொருட் குறிப்பைப் பகுக்கும் பயிற்சியும் நெருங்கிய உறவினவாகத் தோன்றுகின்றன.

புதிரின் சொற்களஞ்சியம் இதனை மேலும் தெளிவாக்கும். பீரங்கிப் படையினர் என்றால் ‘ஆர்.ஏ.’, மாலுமி என்றால் ‘ஏ.பி.’, நூல்கள் என்றால் விவிலியத்தின் பழைய அல்லது புதிய ஏற்பாடு, பாடசாலை என்றால் ஈற்றன், வாத்து என்றால் துடுப்பாட்டத்திலே ஓட்டமெதுவும் பெறாதவனின் சுழியம். 1954இல் மொழியியலாளர் அலன் றொஸ் மேற்குடியினரின் வழக்கைக் குறிக்க ‘யூ’ என்னும் எழுத்தைக் கையாண்டதன் பின்னர், மேற்குடி என்றால் ‘யூ’. தொழிலாளி என்றாலோ எறும்பு அல்லது தேனீ. படை, கடற்படை, திருச்சபை, உயர்குடிப் பாடசாலை, துடுப்பாட்டம் ஆகிய நிறுவனங்களின் எச்சங்கள் இவ்வரிசையிலே படிந்துள்ளன. இவற்றிடையே வளர்ந்தவனுக்கு இவை பொது அறிவு. மற்றையோருக்குப் பாடமாக்கவேண்டிய பட்டியல். பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளிலே ஆங்கிலக் கல்வி பெற்ற சிறு குழுவினருக்கே இவற்றுட் பல எட்டின என்பதும் நினைவுகூரத்தக்கது.

கூர்மதி தனியொருவரின் சொத்து என்னும் எண்ணத்தையும் இவ்வரலாறு கேள்விக்குள்ளாக்குகின்றது. மாதர்ஸ் தெரிந்த சொற்களைக் கட்டங்களிலே பொருத்தியவர் அவர் மனைவி றோசமண்ட். ‘ரெலிகிராவ்’ புதிராசிரியரும் பாடசாலை அதிபருமான லெனாட் டோ, தம் மாணவர்களைக் கொண்டு கட்டங்களை நிரப்புவித்தார். 1944 மே மாதத்திலும் யூன் தொடக்கத்திலும் நோர்மண்டித் தரையிறக்கத்தின் இரகசியப் பெயர்களான யூட்டா, ஒமாகா, ஓவர்லோட், மல்பெரி, நெப்ரியூன் ஆகியன அவருடைய புதிர்களில் வெளிவர, புலனாய்வாளர் அவரை விசாரித்தனர். படையினரின் பேச்சிற் கேட்ட சொற்களைத் தாமே கட்டங்களிற் புகுத்தியதாக 1984இல் பழைய மாணவர் ஒருவர் கூறினார். ஒருவரின் பெயருக்குப் பின்னால் பலரின் உழைப்பு மறைந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1942 சனவரியிலே 12 நிமிடங்களுள் புதிரொன்றை விடுவிக்கும் போட்டியை ‘ரெலிகிராவ்’ நடத்தியது. பங்குபற்றியோரிற் சிலர் பின்னர் பகைவரின் இரகசியக் குறிமொழிகளை வாசித்த பிளெச்லி பார்க் நிலையத்துக்கு அழைக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சி புதிர் மேதைகளின் பெருமையாகவே மீள மீளக் கூறப்படுகின்றது. ஆனால் அந்நிலையத்திற் பணியாற்றியோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதும், அவர்களிற் பெருந்தொகையினர் பொறிகளை இயக்கியும் பதிவுகளை ஒழுங்குபடுத்தியும் உழைத்தனர் என்பதும் அக்கதையிலே இடம்பெறுவது அரிது.

இந்நிலையில் விளக்குதலின் முக்கியத்துவம் புலனாகும். மக்நட், வாசகரே குறிப்புக்களை ஆக்கி அனுப்பும் போட்டிகளை நடத்தினார். சிறந்தவற்றையும் அவை சிறந்தமைக்கான காரணங்களையும் தனித்தாள்களில் அச்சிட்டு அனுப்பினார். குரோதரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். நுகர்வோன் ஆக்குவோனாக மாறுவதற்கு இது வழிவகுத்தது. எழுத்துமாற்று எவ்வாறு சுட்டப்படுகின்றது, வரைவிலக்கணம் எங்கே முடிகின்றது என்பவற்றை ஒருமுறை விளக்கக் கேட்டவன், அடுத்த புதிரிலே அதனைத் தானே காண்பான். விளக்கம் அளிக்கப்பட்ட புதிர் தன் சுவையை இழக்கலாம். அதனை விளங்கிக்கொண்டவனோ புதிய ஆற்றலொன்றைப் பெறுகின்றான்.

கடினமான எழுத்து முழுவதையும் மக்களுக்கு எதிரானதென ஒதுக்கும் போக்கும், விளங்காமையையே ஆழமெனப் போற்றும் போக்கும் எமது இலக்கியச் சூழலிலும் காணப்படுவன. குறுக்கெழுத்தின் வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை. திறவுகோல் எழுத்தினுள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் கடினம் ஒன்று. திறவுகோலைத் தன் கையிற் பற்றிக்கொண்டு வாசகனின் இயலாமையால் உயரும் கடினம் இன்னொன்று. முன்னையது முயற்சிக்கு விடுக்கும் அழைப்பு, பின்னையது மயக்குவித்தை. ஆயின் முன்னைய வகையிலும், திறவுகோலை இனங்காணும் பயிற்சி சமூகத்திலே சமமற்ற முறையிற் பங்கிடப்பட்டிருக்கும்வரை, நேர்மை அரைகுறையானதே. அக்குறையை நிரப்புவது விளக்கும் பணியாகும். தாம் கண்ட விடையைத் தம்முடன் வைத்துக்கொள்ளாது, கண்ட வழியைப் பிறருக்குக் காட்டும் கடப்பாடு திறனாய்வாளருக்கும் ஆசிரியருக்கும் உண்டு.