கால் படாத உச்சி (த்ரெட்)

1/ பழவேற்காடு பக்கம் ஒரு மீனவ குப்பத்துல மருத்துவ முகாம். ஒரு பெரியவர் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினேன். 98. "பேரன் சிக்கிம்ல மிலிட்டரில இருக்கான் டாக்டர். மலை மேல போனா இந்த நம்பர் குறையுமாமே?"

2/ குறையும். கஞ்சன்ஜங்கா உச்சி 8,586 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். பேரன் அவ்வளவு உயரத்துல இருக்க மாட்டான்னு தைரியம் சொல்லிட்டு, அந்த மலையோட கதையையும் சொன்னேன்.

3/ எவரெஸ்ட் நேபாள–சீன எல்லையில இருக்கு. கே2 பாகிஸ்தான் கட்டுப்பாட்டில். அதனால நம்ம கைவசம் இருக்கிறதுல உயரமானது, சிக்கிம்–நேபாள எல்லையில் நிற்கும் கஞ்சன்ஜங்காதான். 1852-ல் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்குப் போடும் வரை, உலகத்துலேயே பெரிய மலை இதுதான்னு நினைச்சாங்க.

4/ சிக்கிம் மக்களுக்கு அது காவல் தெய்வம். 1955 மே 25. ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் இருவரும் முதல்முறையா ஏறினாங்க. உச்சிக்குச் சில அடி கீழேயே நின்னுட்டாங்க. சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கு அது. பின்னால ஏறின பலரும் அதையே கடைப்பிடிச்சாங்க.

5/ 1975-ல் சிக்கிம் இந்தியாவோட இணைஞ்சது. 1977-ல் மலையைச் சுத்தி தேசியப் பூங்கா. 2001-ல் சிக்கிம் பக்கமிருந்து ஏறவே தடை. 2016-ல் யுனெஸ்கோ, இயற்கை, பண்பாடு ரெண்டுக்கும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. இந்தியாவுல அப்படி ஒண்ணு அதுதான் முதல்.

6/ இன்னொரு பக்கமும் உண்டு. 1998-ல் சிக்கிம் அரசு காடுகளில் மேய்ச்சலைத் தடை செஞ்சது. தலைமுறையா யாக் மேய்ச்ச குடும்பங்கள் பல, மலையை விட்டு இறங்க வேண்டியதாச்சு.

7/ பெரியவர் கேட்டார்: "அப்போ சாமின்னு கும்பிட்டுக் காப்பாத்தினவங்கள்லயே சில பேரை வெளிய அனுப்பிட்டாங்களா?"

பதில் சொல்ல முடியல. பழவேற்காடு ஏரியும் 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க 'பாடு' முறை இருக்கு. யார், எந்த இடத்துல, எந்த நாள் வலை கட்டணும்னு ஊரே முறை வச்சிருக்கு. ஏரியை ஒருத்தரே அள்ளிட முடியாது.

8/ சரணாலயம் வேணாம்னு நான் சொல்லல. சட்டம் எழுத உட்காரும்போது, ஏற்கனவே அங்க ஒரு சட்டம் இருக்கான்னு கேட்டுட்டு எழுதலாம்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "இன்னிக்கு எனக்குப் பாடு இல்ல டாக்டர். அதான் முகாமுக்கு வர முடிஞ்சது."