மாணவன் எழுதிய சரித்திரம்

பேராசிரியர்கள் எழுதிவைத்த கிரந்தங்களைப் பாடம் செய்து பரீட்சை மண்டபத்தில் ஒப்புவிப்பதே சரித்திர மாணவனின் கடமை என்று சர்வகலாசாலைகள் நெடுங்காலம் கருதிவந்தன. பட்டம் பெறாத இளைஞனும் ஆதாரங்களைத் தானே தேடிப் பரிசீலித்துப் புதியதொரு முடிவைச் சொல்லக்கூடும் என்ற நம்பிக்கை மிக மெதுவாகவே வேரூன்றியது. ஆக்ஸ்போர்டில் 1855-ல் ஸ்டான்ஹோப் பிரபு நிறுவிய சரித்திரக் கட்டுரைப் பரிசு அதற்கொரு தொடக்கம். 1897-ல் ஜான் பக்கன் என்ற மாணவர் சர் வால்டர் ராலேயைப் பற்றி எழுதி இப்பரிசைப் பெற்ற கட்டுரை அவ்வாண்டே அச்சேறியது.

அந்த ஆக்ஸ்போர்டிலேயே, இறுதிப் பரீட்சைக்குச் சொந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் சமர்ப்பிக்கலாம் என்றிருந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டவர், பிற்காலத்தில் அரேபியாவின் லாரன்ஸ் என்று பிரசித்தி பெற்ற டி. இ. லாரன்ஸ். சிலுவைப் போர் வீரர்கள் கோட்டை கட்டும் சாஸ்திரத்தைக் கீழ்த்திசையில் கற்று மேல்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அன்றைய பண்டிதர்களின் அபிப்பிராயம். அதை ஏற்கவும் மறுக்கவும் நூலகம் மட்டும் போதாது என்று கண்ட லாரன்ஸ், முதலில் சைக்கிளில் பிரான்சின் கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். பின்னர், கோடை வெயிலில் சிரியாவில் நடப்பது தகாது என்று ஹோகார்த், டௌட்டி முதலிய அனுபவஸ்தர்கள் எச்சரித்தும் கேளாமல், 1909-ல் ஏறக்குறைய ஆயிரம் மைல் கால்நடையாக யாத்திரை செய்து, முப்பதுக்கு மேற்பட்ட கோட்டைகளைக் கண்டு, படமெடுத்தும் வரைந்தும் குறித்தும் கொண்டு, வழியில் காய்ச்சலும் கள்வர் கை அடியும் பட்டு ஊர் திரும்பினார். மேல்நாட்டார் தங்கள் கலையைத் தாங்களே எடுத்துச் சென்றார்கள் என்று அவர் வாதித்த கட்டுரை, 1910-ல் அவருக்கு முதல் வகுப்பைத் தேடித் தந்தது.

ஆனால் அக்கட்டுரை பரீட்சகர் மேஜையைத் தாண்டவில்லை. லாரன்ஸ் காலமான மறு ஆண்டாகிய 1936-ல்தான் அது நூலாயிற்று. அதற்குள், சிரியாவின் கிராக் கோட்டையைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் பால் தெஷாம் எழுதிய பெருநூல் 1934-லேயே வெளியாகிவிட்டது. லாரன்ஸின் முடிவு ஓரளவு மிகையானது என்று பின்வந்தோர் திருத்தினர். கட்டுரை உரிய காலத்தில் அச்சாகியிருந்தால், அத்திருத்தத்துக்கு அவரே விடை கூறியிருக்கவும் கூடும், அல்லது தாமே இணங்கியிருக்கவும் கூடும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களின் அதிர்ஷ்டம் வேறாக இருந்தது. 1938-ல் பட்டம் பெற்ற ஆர்தர் ஷ்லெசிங்கர், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஓரெஸ்டஸ் பிரவுன்சனைப் பற்றி எழுதிய மாணவக் கட்டுரை மறு ஆண்டே நூலாக வெளிவந்தது. அவர் பின்னர் நாடறிந்த சரித்திராசிரியரானார். மியூனிக் உடன்படிக்கையைப் பற்றி ஜான் கென்னடி எழுதிய கட்டுரையோ, 1940-ல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே புத்தகமாகிப் பல்லாயிரம் வாசகரை அடைந்தது. தகப்பனாரின் செல்வாக்கு அதற்குத் துணை நின்றதை மறைப்பதற்கில்லை. எனினும், ஒரு மாணவனின் ஆராய்ச்சியைப் பொதுமக்கள் எடைபோட்டுப் பார்க்க வாய்த்தது என்பதும் உண்மையே.

ஆராய்ச்சிக்கு வயது தடையன்று என்பதை இவர்கள் அனைவருமே மெய்ப்பித்தார்கள். இருப்பினும், மதிப்பெண் இட்டவுடன் பெட்டியில் பூட்டப்படும் கட்டுரை அதை எழுதியவனுக்கு மட்டுமே பயன்படும். அச்சேறிப் பிறரால் மறுக்கப்படும் தகுதியைப் பெற்ற பின்பே அது சரித்திரமாகும். ஆதலால், நல்ல கட்டுரை எழுதிய மாணவனுக்கு முதல் வகுப்பு அளிப்பதோடு தம் கடமை தீர்ந்ததென்று ஆசிரியர்கள் எண்ணலாகாது; அதைப் பிரசுரிக்க வழி செய்வதும் அவர்கள் பொறுப்பே.