மனவெழுச்சி நோயின் போக்கு: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மேனியா எனப்படும் மனவெழுச்சி நோயை அதன் உச்சநிலைத் தோற்றத்தைக் கொண்டு அறிவதா, காலப்போக்கைக் கொண்டு அறிவதா என்பது உளமருத்துவ வரலாற்றின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும். பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் பியேர் ஃபால்ரே, எழுச்சியும் சோர்வும் இடையே ஒரு தெளிநிலையும் மாறி மாறி வருவதை 1850களில் 'சுழல்பித்து' என்னும் தனி நோயாக வரையறுத்தார். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்லின், 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், நோயின் முழுப் போக்கையும் முடிவையும் அடிப்படையாகக் கொண்டு, பிற்காலத்தில் மனச்சிதைவு எனப் பெயர்பெற்ற நோயினின்று இதனைப் பிரித்தார்.

ஓர் எழுச்சிக்குள் நிகழும் வளர்ச்சியை 1973இல் கார்ல்சனும் குட்வினும் 20 நோயாளிகளின்வழி ஆராய்ந்து மூன்று படிநிலைகளாக வகுத்தனர். முதற்படியில் உற்சாகமும் மிகைப்பேச்சும், இரண்டாம் படியில் சினமும் கட்டற்ற எண்ணவோட்டமும், மூன்றாம் படியில் பெருங்கலக்கமும் சிந்தனைச் சிதறலும் மேலோங்கின. மூன்றாம் படியில் மட்டும் நோயாளியைக் காணும் மருத்துவர், அதனை மனச்சிதைவு எனப் பிழைபடக் கணிக்கக்கூடும். அதனால் சிகிச்சையும் திசைமாறும். எனவே, ஒருநாள் தோற்றத்தினும் நாள்வழிப் போக்கே நோயறிதலுக்கு உறுதியான சான்று என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.