உரோமரும் ஈயமும்

உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறப் புகுந்தோர் பலர். அவருள் கில்பிலன் என்பார், ஈய நஞ்சே உயர்குடியினரை நலிவித்ததென 1965 ஆம் ஆண்டில் எழுதினார். 1983 இல் நிரியாகு அக்கருத்தைப் புதுப்பித்தார்.

நகருக்குள் நீர் பாய்ச்சிய குழாய்கள் பல ஈயத்தாலானவை என்பது உண்மையே. எனினும் குழாயினுங் கொடியது கலம். குழாய் நீர் இடையறாது ஓடியது. சுண்ணப்படிவும் உட்புறத்தை மூடியது. திராட்சைச்சாற்றையோ பாதியாகவும் மூன்றிலொன்றாகவும் சுண்டக் காய்ச்சி, மதுவுக்கும் உணவுக்கும் இனிமை சேர்த்தனர். வெண்கலம் களிம்பேறுமாதலின் ஈயக்கலத்திற் காய்ச்சுதலே நன்றென்றான் கொலுமெல்லா. புளிப்பு ஈயத்தைக் கரைக்குமென்பதை அவன் எண்ணினானில்லை!

உரோமர் இத்தீமையை முற்றும் அறியாதவருமல்லர். ஈயத்தொழிலாளரின் வெளிறிய மேனியைச் சுட்டி, மண்குழாயே நலமென்று கி. மு. முதலாம் நூற்றாண்டிலேயே விற்றுருவியசு உரைத்தான். ஆயினும் ஈயக்குழாய் வழக்கொழியவில்லை.

உரோமத் துறைமுகப் படிவுகளை 2014 இல் ஆய்ந்தோர், குழாய்நீரில் ஊற்றுநீரினும் நூறு மடங்குவரை ஈயம் இருந்ததெனக் கண்டும், அது பெருந்தீங்கு விளைத்திராதென்றனர். ஆர்க்டிக் பனிக்கட்டியை ஆய்ந்தோர், வெள்ளி உருக்கிய உலைகளின் புகையாற் குழந்தைகளின் மதிநுட்பம் சிறிது குன்றியிருக்கலாமென 2025 இல் மதிப்பிட்டனர். ஆனால் அப்புகை மிக்கிருந்தது பேரரசு தளர்ந்தபோதன்று. கிறித்துவுக்குப் பின் முதலிரு நூற்றாண்டுகளில், அது ஓங்கி நின்றபோதே. மேலும், 476 இல் மேலைப் பேரரசு மாய்ந்தபின்னும், அதே நாகரிகத்தின் வழிவந்த கீழைப் பேரரசு 1453 வரை நின்றதன்றோ? ஈயமே காரணமென்பார் இதற்கு விடைகூறல் எளிதன்று.

ஈயத்தால் நலிந்தோர் இலரென்பது இதனாற் பெறப்படாது. சுரங்கத்திலும் உலையிலும் உழன்ற அடிமைகள் அதனை நாள்தோறும் சுவாசித்தனர். பிரபுக்களின் விருந்தையே நோக்கிய கொள்கையினர் இவர்களைப் பெரிதும் பேசினாரல்லர்.