காப்போரைக் காக்கும் பணி

முதுமையில் நினைவு தடுமாறுவதை நம் ஊரார் 'வயதுக் கோளாறு' என்று கூறி நெடுங்காலம் விட்டுவிட்டனர். செருமானிய மருத்துவர் அலாய்சு ஆல்சைமர், தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, 1906ஆம் ஆண்டில் அந்நோயின் அடையாளங்களை எடுத்துரைத்தார். நோய் அறியப்பட்டது. ஆனால் நோயாளியின் அருகே இரவும் பகலும் விழித்திருப்போரின் துயரை உலகம் உணர மேலும் பல்லாண்டுகள் ஆயின.

நம் நாட்டில் இவ்வுணர்வு கேரளத்தில் உருப்பெற்றது. 1992இல் மருத்துவர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் அங்கு ஆல்சைமர் நோயாளர் நலச் சங்கத்தைத் தொடங்கினார். 1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் '10/66' என்னும் ஆய்வுக்குழுவை அமைத்தனர். மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வுகளோ 10 விழுக்காட்டையும் எட்டவில்லை என்பதே அப்பெயரின் பொருள்.

2008இல் வெளியான கோவா ஆய்வு நமக்கு வழிகாட்டுகிறது. 81 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. மேல்நிலைக் கல்வி முடித்த உள்ளூர் மக்களுக்கு ஒரு வாரம் பயிற்சியளித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் இல்லங்களுக்கு அனுப்பினர். அவர்கள் நோயின் இயல்பை விளக்கினர். காப்போரின் குறைகளைப் பொறுமையுடன் கேட்டனர். ஆறு மாதத்தில் காப்போரின் மனநலம் தேறியது. ஆயினும் ஆய்வுக்குக் கால எல்லை உண்டு; நோயோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. திட்டம் முடிந்தபின் அவ்வில்லங்களின் கதவைத் தட்டுவோர் யார்?

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கேள்வி கூர்மையானது. மகன் லாரியில் வடநாடு செல்கிறான். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் குடும்பமே விசைத்தறியில் நிற்கிறது. வீட்டில் மாமியாரோடு தனித்திருக்கும் மருமகளால் ஆதரவுக் கூட்டத்திற்கு வர இயலாது. உதவிதான் அவரைத் தேடிச் செல்லவேண்டும். அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதும் இந்நெறியிலேயே.

இந்நெறி திருச்சபைக்குப் புதிதன்று. 1833இல் பாரிசில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையரை அவர்தம் இல்லத்திலேயே சந்திப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. நம் பங்குகளில் அன்பியங்களும் உள்ளன. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் முதியவருடன் அமர்ந்தால், அம்மருமகள் திருப்பலி காணலாம், சற்றே உறங்கலாம். ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் செல்லும்படி அன்பியமே முறைவைத்தால், பணி ஒரு தனிமனிதரின் ஆர்வத்தோடு அணைந்துபோகாது.

அறிவு தளர்ந்த தந்தையிடமும் பொறுமை காட்டுமாறு சீராக் நூலின் 3ஆம் அதிகாரம் மகனைப் பணிக்கிறது. அப்பொறுமை வற்றாதிருக்க அவனுக்குத் தோள்கொடுப்பது அயலாராகிய நம் கடமை. வருகின்ற அன்பியக் கூட்டத்தில், நம் தெருவில் இத்தகைய இல்லம் எது என்று கேட்போம்.